காரணம் இல்லாத துளை

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் அந்த மாடிக்கு ஏறினாள். இரும்புப் படி, பதினெட்டு. வரைபடப் பிரிவுக்கு இனி இங்கேதான் இடம் என்று மேனேஜர் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார். கீழே பட்டறை இரைய ஆரம்பித்திருந்தது. அவளுடைய கணினித் திரையை மார்போடு அணைத்துக்கொண்டு தம்பி பின்னால் வந்தான்.

“இந்த ரூம்ல இதுவரைக்கும் என்ன இருந்துச்சு தெரியுமாக்கா? பழைய டிராயிங். எலி. அப்புறம் இன்னும் கொஞ்சம் எலி.”

“வச்சிட்டுக் கீழே போ. மணி அடிச்சாச்சு.”

“மதியம் சேர்ந்து சாப்பிடலாமா?”

“டோக்கனை மறக்காம மாட்டு. சாப்பிடலாம்.”

“ஆரம்பிச்சிட்டியா” என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.

அவனுக்கு இருபத்து நான்கு வயது. மூன்று இடத்தில் வேலைக்குப் போய் மூன்றிலும் நிலைக்கவில்லை. இங்கே அவள்தான் மேனேஜர் முன்னால் நின்று, “நான் பொறுப்பு சார்” என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். வேறு ஆள் கிடையாது.

அறை நீளமானது. கூரை தாழ்ந்தது. இருந்த ஒரே ஜன்னலும் வெளியே திறக்கவில்லை. கீழே பட்டறையைப் பார்த்துத் திறந்தது. சுவர் முழுக்க மர அடுக்குகள், அவற்றில் சுருட்டி வைத்த வரைபடங்கள். ஈரத் துணியை மடித்து வைத்து மறந்துபோன வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை. பழைய இரும்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நிறுவனம் மதகுக் கதவுகள் செய்தது. ஆற்றின் குறுக்கே இறங்கித் தண்ணீரை நிறுத்தும் கதவுகள். ஒவ்வொன்றும் இருபத்தேழு மீட்டர் நீளமுள்ள இரும்புப் பெட்டி. உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து ஒன்பது அறை. ஓர் அறை மூன்று மீட்டர் நீளம், ஓர் ஆள் நிற்கும் உயரம், தோள் இடிக்கும் அகலம். மேலே, ஒரு முனையில், ஆள் இறங்க ஒரு வாய். உள்ளே இறங்கி வெல்டிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு ஆள் ஏறி வந்ததும், அந்த வாய்க்குத் தகடு வைத்து வெல்டிங் போட்டு மூடிவிடுவார்கள். அதோடு சரி. கதவு இற்றுப்போகும் வரை அந்த இருட்டை யாரும் பார்ப்பதில்லை.

இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை வாயோரத்து ஆணியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணி காலியாக இருந்தால் மூடலாம். தம்பிக்கு அந்த அறைகளில்தான் வேலை. இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரோடு இறங்கி, கிரைண்டரோடு ஏறுவான்.

அதே திங்கட்கிழமை ஒவ்வொரு மேசையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு மைக் ஒட்டினார்கள்.

நிறுவனத்துக்கு நெடுநாள் தலைவலி ஒன்று இருந்தது. இந்தத் தகடு ஏன் பதினாறு, அந்த போல்ட் ஏன் இருபது என்பது வரைந்தவனுக்குத்தான் தெரியும். அவன் வேலையை விட்டுப் போனால் காரணமும் கூடவே போய்விடும். இனி அப்படி நடக்காது என்றார் மேனேஜர். யாரும் எதையும் எழுத வேண்டாம். பேசுவதை அது கேட்கும். திரையைப் பார்க்கும். எந்தக் கோட்டைப் போட்டு அழித்தோம், எங்கே எவ்வளவு நேரம் தயங்கினோம் என்று கவனிக்கும். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் காரணத்தைத் தானே எழுதும். பழைய வரைபடங்களையும் கடிதங்களையும் கூட அதற்குக் கொடுத்தாகிவிட்டது.

“மாமியார் வந்தாச்சு” என்றார் செக்கர். அவள் வரைவதைச் சரிபார்க்கிறவர், பக்கத்து மேசை. “ஒண்ணும் கேக்க மாட்டா. எல்லாத்தையும் காதுல வாங்கிப்பா. ஆறு மாசம் கழிச்சு, அன்னிக்கு நீ இப்படிச் சொன்னியேன்னு எடுத்து வைப்பா.”

ஆறு மாதம் ஆகவில்லை. அன்று மாலையே எடுத்து வைத்தது.

*தகடு 16 மி.மீ. காரணம்: “பன்னெண்டு போதும்னு நிரூபிக்க நாலு பக்கம் கணக்குப் போடணும், பசிக்குது.” சொன்னவர்: செக்கர்.*

மாடி முழுக்கச் சிரித்தது. செக்கர் எழுந்து மைக்குக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அந்தத் துளையை அவள் புதன்கிழமைதான் கவனித்தாள்.

புதிய கதவு இருபத்து மூன்றாவது. வழக்கம்போல இருபத்து இரண்டாவதை நகல் எடுத்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தாள். ஏழாம் அறை. வாய் இருக்கும் முனைக்கு எதிர் முனை. பக்கத் தகட்டில், தரையிலிருந்து 1500 மில்லிமீட்டர் உயரத்தில், 25 மில்லிமீட்டர் துளை ஒன்று. மற்ற எட்டு அறைகளிலும் அப்படி எதுவும் இல்லை.

காரணத்தைப் பார்த்தாள். *முன்பு போல.*

இருபத்து இரண்டாவது கதவைத் திறந்தாள். *முன்பு போல.* இருபத்தொன்று. *முன்பு போல.* ஒவ்வொன்றாகப் பின்னால் போனாள். நாற்பத்தோரு வருடம். முதல் கதவின் வரைபடம் கையால் வரைந்தது. மையின் கறுப்பு பழுப்பாகியிருந்தது. அங்கேயும் துளை இருந்தது.

*காரணம்: இல்லை.*

“தண்ணி வடியறதுக்கா?” என்று செக்கரிடம் கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். “வடியறதுன்னா அடியில இருக்கணும். காத்து போறதுன்னா உச்சியில இருக்கணும். இது ரெண்டுங்கெட்டான். மழைத் தண்ணி உள்ளே போயி துருப்பிடிக்கத்தான் ஆகும்.”

மேனேஜர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். “ஏன்னே தெரியாத ஓட்டைய நாற்பது வருஷமாத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கோம். எடுத்துடு. இதுக்குத்தானே இந்த ஏற்பாடே.”

மதியம், அறையில் தனியாக இருந்தபோது, மைக் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னாள். “காரணம் தெரியல. தண்ணி புகும். எடுக்கறேன்.”

துளையை அழித்தாள். அவள் சொன்னது அப்படியே பதிவானது. கீழே அவள் பெயர்.

அதன் கீழே இன்னொரு வரி வந்தது.

*துளை 25 மி.மீ. காரணம்: மூச்சுக்கு. சொன்னவர்: இந்தக் குரல் பதிவில் இல்லை.*

செக்கர் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாச்சு?” என்றார். திரையைக் காட்டினாள்.

“என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். நான் கீழே இருந்தேன். எனக்கு இவ்வளவு சுருக்கமாப் பேச வராதுன்னு ஊருக்கே தெரியும்.”

பதிவான ஒலியையும் அது சேமித்து வைக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். தன் குரல். பின்னால் பட்டறை இரைச்சல். எடுக்கறேன் என்ற சொல் முடிந்ததும் இரைச்சல் நின்றது. குறையவில்லை. நின்றது. காதுகளை இரண்டு கையால் யாரோ பொத்தியது போல.

அந்த நிசப்தத்தில் ஒரு மூச்சு. உள்ளே இழுக்கும் மூச்சு. இழுத்துக்கொண்டே இருந்தது. வெளியே விடவே இல்லை.

அப்புறம் அந்த ஒரு சொல். வாயை எதன் மீதோ அழுத்தி வைத்துக்கொண்டு சொன்னது போல இருந்தது.

வரைபடம் மறுநாள் கீழே போனது. கதவு வளர்ந்தது. தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடித்தகடு, தடுப்புகள், பக்கத் தகடுகள். தம்பி அங்கேயிருந்து கையாட்டுவான். அவளும் கையாட்டுவாள்.

திரையில் வரிகள் சேர்ந்தன. அழித்துவிட்டதாக நினைத்த துளைக்கு, இல்லாத துளைக்கு, ஒவ்வொன்றாக.

*துளை 25 மி.மீ. காரணம்: விரல் நுழைய.*

*உயரம் 1500. காரணம்: நின்றால் வாய் எட்டும்.*

அதைப் படித்த மாலை வீட்டில் கதவு நிலையருகே தம்பியை நிற்கச் சொல்லி டேப் வைத்தாள்.

“என்னக்கா, சட்டை தைக்கப் போறியா?”

“அசையாதே.”

பாதத்திலிருந்து உதடு வரைக்கும். டேப்பைப் படித்துவிட்டுச் சுருட்டி வைத்தாள். 1500.

அடுத்த நாள் மேனேஜர் அறைக்குப் போனாள். துளையைத் திரும்பப் போட வேண்டும் என்றாள்.

“காரணம்?”

பதிவுகளைக் காட்டினாள். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

“மைக் கெட்டுப் போயிருக்கு. ஆள் வரச் சொல்றேன். படத்துல கையெழுத்து வாங்கியாச்சு. இப்ப ஓட்டை போடணும்னா ஏன்னு எழுதணும். என்ன எழுதுவே? பேய் கேக்குதுன்னா?”

ஆள் வந்தான். மைக்கை மாற்றினான். புது மைக் அன்று மாலையே எழுதியது.

*துளை 25 மி.மீ. காரணம்: மூச்சுக்கு.*

வேலையை விட்டுவிடு என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தாள். “நாலு மாசம் தாண்டிட்டேன்கா. முதல் தடவையா. இப்பப் போயி விடச் சொல்றே” என்றான். முகம் வாடிவிட்டது. அவளுக்குக் காரணம் சொல்ல வரவில்லை. ஏழாம் அறையில் மட்டும் இறங்காதே என்றாள். “அது ஃபோர்மேன் கையில இருக்கு. சரி சரி, பாக்கறேன்” என்றான். இப்படிச் சரி சரி என்று சொல்லி அவன் செய்தது எதுவுமில்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. ஒன்றரை மணிக்கு அவன் சாப்பிட வரவில்லை. டிபன் டப்பாவைத் திறக்காமல் காத்திருந்தாள். இரண்டாயிற்று. ஜன்னலருகே போனாள். கதவு முழுசாக நின்றது. மேலே ஒரு வெல்டர் தன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தான். தம்பியைக் காணவில்லை.

பின்னால் அறையில் இரைச்சல் நின்றது.

கீழே கிரைண்டர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. தீப்பொறி பறந்தது. சத்தம் மட்டும் இல்லை.

யாரோ மூச்சு இழுத்தார்கள்.

அவள் திரும்பினாள். திரையில் ஒரே ஒரு வரி.

*துளை 25 மி.மீ. காரணம்: உள்ளே இரண்டு பேர்.*

பதினெட்டுப் படியை எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. கதவின் மீது சாய்த்திருந்த ஏணியில் ஏறினாள். ஏழாம் அறையின் வாய் மூடியிருந்தது. வெல்டிங் தழும்பு இன்னும் சூடாக இருந்தது. மேலே காற்று நெளிந்தது.

“யார் மூடினது? என் தம்பி எங்கே?”

வெல்டர் மிரண்டு போனான். “ஆணி காலிங்க. பார்த்துட்டுத்தான் மூடினேன். ரெண்டு தடவை பார்த்தேன்.”

ஆணி காலிதான். டோக்கன் தம்பியின் சட்டை மாட்டியிருந்த கொக்கிக்குக் கீழே, அவன் செருப்புக்குள் கிடந்தது. ஏறி வந்து, டோக்கனை எடுத்து, சட்டையை மாற்றப் போனவன், ஏதோ ஓர் இடம் தேய்க்காமல் விட்டது நினைவு வந்து திரும்ப இறங்கியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம்தானே என்று. அவனைத் தெரிந்த அவளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு அவனை வேறு மாதிரித் தெரிந்திருந்தது.

“எங்கயாவது படுத்துத் தூங்குவான்மா” என்றார் ஃபோர்மேன். “போன மாசம் கிரேன் கூண்டுக்குள்ள தூங்கினான்.” ஒலிபெருக்கியில் அழைத்தார். கழிப்பறைக்கு ஆள் அனுப்பினார். ஸ்டோரில் தேடினார்கள். வெளியே மரத்தடியில் தேடினார்கள்.

அவள் சுத்தியலை எடுத்துத் தகட்டில் அடித்தாள். இருபத்தேழு மீட்டரும் அதிர்ந்தது. காதை வைத்தாள். சூடு கன்னத்தைச் சுட்டது.

ஒன்றுமில்லை.

மறுபடி அடித்தாள். ஒன்றுமில்லை.

“மெஷினை நிறுத்தச் சொல்லுங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க!”

நிறுத்தினார்கள். பட்டறை அடங்கியது. அவள் அடித்தாள். காத்திருந்தாள். எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டியது.

“பார்த்தியா” என்றார் மேனேஜர். சட்டைக் கையை மடித்தபடி வந்து நின்றிருந்தார். “உள்ளே ஆள் இருந்தா தட்ட மாட்டானா?”

“மயங்கியிருப்பான் சார். கதகதன்னு அடைச்சு வச்சிருக்கு. புகை இருக்கும். வெட்டுங்க.”

“வாயை வெட்டித் திறந்தா ஓரம் நெளிஞ்சிடும். மேல் தகடு முழுசா மாத்தணும். கதவு போச்சு. ஆணி காலி, சத்தம் இல்ல, ஆளை யாரும் பார்க்கல. எதை வச்சு வெட்டச் சொல்றது? ஒரு காரணம் சொல்லு.”

“என் தம்பி சார்.”

“அது காரணமில்லம்மா. அது பயம்.”

அவள் ஏணியில் நின்றபடியே அழுதாள். அழுதுகொண்டே அடித்தாள். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். செக்கர் மட்டும் கீழேயிருந்து, “ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன் சார், என்ன போயிடப் போகுது” என்றார். மேனேஜர் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஃபோர்மேன் ஏணியருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மெஷின்ல ஏதோ வருதுன்னாங்களே. என்ன வந்துச்சு?”

“மூச்சுக்குன்னு வந்துச்சு. விரல் நுழையன்னு வந்துச்சு. நின்னா வாய் எட்டும்னு. இன்னிக்கு…” அவள் மூடியிருந்த வாயைத் திரும்பிப் பார்த்தாள். “உள்ளே ரெண்டு பேர்னு.”

அவர் முகம் வெளிறிப்போனது. ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“முதல் கதவு” என்றார். “எங்க அப்பா அப்ப இங்க ஃபோர்மேன். ஏழாம் அறையை மூடினப்புறம் ஒரு ஆள் குறையுது. உள்ளே தட்டறான். ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. அன்னிக்குக் கதவு இறங்கலைன்னா கீழே நாலு ஊர் போயிடும். வெட்டினா கதவு இல்ல. அப்பா தண்ணி படாத பக்கத்துல ஓட்டை போட்டாரு. மூச்சு விட்டுக்கிட்டிரு, தண்ணி வடிஞ்சதும் திறக்கறேன்னு சொன்னாரு. கதவை இறக்கினாங்க.”

“எப்ப வடிஞ்சுது?”

“ஒன்பது நாள். அப்பா தினமும் போயி ஓட்டையில விரல் விட்டு நிப்பாரு. உள்ளேருந்து பிடிச்சுக்குவான். நாலு நாள் பிடிச்சான்.”

“அப்புறம் திறந்தாங்களா?”

அவர் இல்லை என்று தலையசைத்தார். “இருக்கிறதை இருக்கிறபடி அளந்து போட ஒரு டிராயிங்காரர் வந்தாரு. ஓட்டை இருந்துச்சு, போட்டுக்கிட்டாரு. ஏன்னு யாரும் சொல்லல. அதைத்தான் எல்லாரும் பார்த்துப் பார்த்து வரைஞ்சீங்க.”

“நான் எடுத்தப்ப சொல்லியிருக்கலாமே அண்ணே!”

“மேலேருந்து வர்ற காகிதத்தை நாங்க ஏன்னு கேக்கறதில்ல. நீங்க யாரும் கீழே இறங்கி வந்து கேக்கறதில்ல.”

சொல்லிவிட்டு அவர் மேனேஜர் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் காந்தக் காலுள்ள டிரில்லைத் தூக்கி வந்தார். அவள் ஏணியிலிருந்து இறங்கி அவர் பின்னால் ஓடினாள். வாய்க்கு எதிர் முனையில், பக்கத் தகட்டில் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். ஆயிரத்து ஐநூறு.

“யார் சொல்லி ஓட்டை போடறீங்க?” என்றார் மேனேஜர்.

“எங்க அப்பா” என்றார் ஃபோர்மேன்.

டிரில் இறங்கியது. இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. பதினாறு மில்லிமீட்டர். அவளுக்கு அது ஒரு யுகம் போலிருந்தது. முனை மறுபக்கம் போனதும் டிரில்லை இழுத்தார்.

துளை காற்றை உள்ளே இழுத்தது.

நீளமாக. எல்லாருக்கும் கேட்டது. அவள் முகத்தருகே விழுந்திருந்த முடி துளையை நோக்கிப் பறந்தது.

“தம்பி! அக்காடா. கேக்குதா?”

பதில் இல்லை. கண்ணை வைத்தாள். கறுப்பு. காதை வைத்தாள். இரும்பின் வாடை மட்டும் வந்தது. மாடி அறையின் வாடை. பிறகு ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள். பிசிறு தோலைக் கீறியது. முழு விரலும் போனது. அந்தப் பக்கத்து வெற்றிடத்தில் அது தனியாக நின்றது.

காத்திருந்தாள்.

ஏதோ பட்டது.

ஒரு விரல் வந்து அவள் விரலைச் சுற்றிக்கொண்டது.

“பிடிக்கறான்! இருக்கான்! பிடிக்கறான் சார்!”

அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை. மேனேஜரே தகட்டை வெட்டும் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார். செக்கர் ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தார். வெல்டர் அழுதுகொண்டே மேலே ஏறினான். உள்ளே ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் வேகமாக வெட்ட முடியாது. நெருப்பு அவன் மேலேயே விழலாம். “இந்த முனையில இருக்கான், என்கிட்ட இருக்கான், நீங்க வெட்டுங்க!” என்று அவள் கத்தினாள்.

இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

அவள் தகட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினாள். “மூச்சு வருதா? வந்தா ஒரு தடவை அழுத்து.” அழுத்தியது. “பயமா இருக்கா?” அழுத்தியது, வலிக்கும்படி அழுத்தியது. “பயப்படாதே. நான் இங்கயேதான் நிக்கறேன். எங்கயும் போக மாட்டேன். உன்னை எடுக்காம போக மாட்டேன்.” அழுத்தியது. விரல் ஜில்லென்று இருந்தது. இவ்வளவு மெலிந்திருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தாள். சரியாகவே சாப்பிடுவதில்லை, இனிமேல் கவனிக்க வேண்டும் என்று நினைத்தாள். “டோக்கனைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன். வெளியே வா, போதும்.”

மேலே தகடு பெயர்ந்து விழும் சத்தம்.

“இருக்கான்! காலடியிலேயே கிடக்கான்! தூக்கு, தோளைப் பிடிச்சுத் தூக்கு!” ஃபோர்மேனின் குரல். இரும்பில் செருப்புகள் சறுக்கின. பிறகு, “மூச்சு இருக்கு! உயிர் இருக்கு!”

பட்டறை முழுக்க ஒரு கூச்சல் எழுந்தது. அவள் சிரித்தாள். மூக்கு ஒழுகச் சிரித்தாள். நெற்றியை இரும்பிலேயே இடித்துக்கொண்டு, “கேட்டியா, தூக்கிட்டாங்க, வெளியே வந்துட்டே” என்று துளைக்குள் சொன்னாள்.

அழுத்தியது.

அவள் சிரிப்பு நின்றது.

நாலு பேர் தம்பியைப் பலகையில் கிடத்தி ஏணி வழியாக இறக்கினார்கள். அவளைத் தாண்டிக் கொண்டு போனார்கள். முகம் சாம்பல் நிறம். உதட்டோரம் கரி. இரண்டு கைகளும் பலகைக்கு வெளியே தொங்கின. இரண்டும்.

“வாய்க்கு நேரே கீழேயே விழுந்து கிடந்தான்” என்று வெல்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான். “கையை அடியில மடிச்சுப் போட்டபடி. ரொம்ப நேரமா நினைவே இருந்திருக்காது.”

வாய் அந்த முனையில். துளை இந்த முனையில். நடுவே மூன்று மீட்டர்.

பலகையிலிருந்து இருமல் கேட்டது. பிறகு, பிசிறான ஒரு குரல். “அக்கா.”

“இதோ வரேன். வரேன்டா.”

விரலை இழுத்தாள்.

வரவில்லை.

வெளியே ஆம்புலன்சின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “கூட யாரும்மா வர்றது? சீக்கிரம்!” என்று ஒருவர் கூப்பிட்டார்.

“அண்ணே” என்றாள். “ஃபோர்மேன் அண்ணே. உள்ளே யாரு?”

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது, டின்னுக்குள் பேசுவது போல. “நான் மட்டும்தான்மா. வேற யாராவது இருக்காங்களான்னு பார்க்கத்தான் இறங்கினேன். யாரும் இல்ல. நீ போ, அவன் உன்னைக் கூப்பிடறான் பாரு.”

“நீங்களா என் விரலைப் பிடிச்சிருக்கீங்க?”

“நானா? என் கையில லைட்டு இருக்கு.”

துளையின் விளிம்பில், அவள் விரலைச் சுற்றி, கோடு போல வெளிச்சம் தெரிந்தது. செருப்புச் சத்தம் மெல்ல அவளை நோக்கி வந்து நின்றது.

“அக்கா” என்றது பலகை, தூரத்தில்.

அவள் வாயைத் துளையருகே கொண்டு போனாள். “என் தம்பி போறான்” என்று கெஞ்சினாள். “விடுங்க. தயவு செஞ்சு விடுங்க.”

ஒரு விரலின் மேல் இன்னொரு விரல் வந்து சுற்றியது. பிறகு மூன்றாவது.

“ஏம்மா” என்றார் ஃபோர்மேன் உள்ளேயிருந்து. “உன் விரலைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கறேன். பக்கத்துல ஒண்ணுமே இல்ல. அது ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?”